கூடவே கிளம்பிய மைதானம்

2007 சித்திரையில் சென்னைக் கால்பந்து கிளப் ஒன்றில் சேர சுடலைக்குமார் ரயிலேறியபோது, கோவில்பட்டியில் அவன் ஆடிக்கொண்டிருந்த மைதானமும் பின்னாலேயே கிளம்பிவிட்டது. கோல் கம்பம் சாயவில்லை, சுண்ணாம்புக் கோடு அழியவில்லை. சாத்தூருக்கு இந்தப்பக்கம் யாரோ ஒருவருடைய பருத்திக்காட்டில் ஏறி, மூச்சு வாங்கப் படுத்துக்கொண்டது. காட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். செருப்புக்கடை வைத்திருந்த கோவில்பட்டிக் கிளப் செயலாளர் ஜமால் முகம்மது, ரயிலில் இருந்தவனுக்குப் போன் போட்டார்.

“ஏலே, போறவன் போ. மைதானத்த எதுக்குலே கூட்டிட்டுப் போறே?”

“நான் கூப்பிடல்ல அண்ணாச்சி. அதுவா வருது.”

விருதுநகரில் இறங்கித் திரும்பினான். மைதானம் அவனுக்கு முன்பே வந்து பழைய இடத்தில் கிடந்தது.

சொந்தக் கிளப்புக்காக வெளியூர் ஆடப் போனால் அது அசையாது. வேறு கிளப் என்றால்தான் மோப்பம் பிடித்துவிடும். கேரளத்துக்காரர்கள் கூப்பிட்டபோது கயத்தாறில் நாற்கரச் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. லாரிகள் மத்தியானம் வரை நின்றன. கோவாவுக்கு விமானம் ஏறப் போனபோது, வாகைக்குளம் விமான நிலைய வேலியை ஒட்டி வந்து நின்றது. மைதானம் இல்லாமல் மற்றவர்கள் எங்கே ஆடுவார்கள்? ஒவ்வொரு முறையும் திரும்பினான். ஊரார் ‘விசுவாசச் சிங்கமே’ என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதைப் பார்த்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். போக வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் விட்டதில்லை. அது அவன் மனைவி சுந்தரேஸ்வரிக்கு மட்டும் தெரியும்.

பதினெட்டு வருஷம் ஆடி, முழங்கால் தேய்ந்து, போன ஆண்டு விலகினான். ஊரார் போர்த்திய சால்வைகளை வீட்டில் வைக்க இடமில்லை. அடுத்த மாதமே சென்னைக் கிளப் ஒன்று பயிற்சியாளராகக் கூப்பிட்டது. பகல் ரயிலில் ஏறி, வழியெல்லாம் கதவருகிலேயே நின்று பின்னால் பார்த்துக்கொண்டு போனான். சாத்தூரில் இறங்கியும் பார்த்தான். தண்டவாளம் வெறுமனே கிடந்தது. வண்டி போய்விட்டது. இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. அவனுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு மனைவிக்குப் போன் செய்தான்.

“சுந்தரி, அது வரல்ல.”

“எப்படி வரும்? அதுக்கு நாளைக்கு மேட்ச் இருக்குல்லா,” என்றாள். “நீங்க அழாமப் போங்க.”

அடுத்த வண்டியில் ஏறினான். மறுநாள் மேட்ச் நடந்தது. கோவில்பட்டி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. சுடலைக்குமார் அப்போது சென்னையில் இருந்தான்.