ஊசி நின்ற இடம்

டிராயிங் வாத்தியார் கிளெமென்டுக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. தன் கையால் செய்த பொம்மை விமானம் ஊற்றிய எண்ணெய் தீரும்வரை நிற்காமல் பறக்க வேண்டும். ஆறு வருடமாக அது நடக்கவில்லை. குற்றம் விமானத்தின்மேல் இல்லை; என்ஜினுக்கு எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஊசியின்மேல். ஊசியைத் திறந்தால் எண்ணெய் கூடி, மார்கழி மாதத்து ஆஸ்துமாக்காரரைப்போல் என்ஜின் இருமும். மூடினால் எண்ணெய் குறைந்து, வீறிட்டுக் கத்திவிட்டு அடங்கும். நடுவில் ஒரு மயிரிழை இடம் உண்டு என்பார்கள். கிளெமென்ட் அதைக் கண்டதில்லை.

2003ஆம் வருடம் மழை இல்லை. சின்னாளப்பட்டி போகும் வழியில் ஒரு குளம் விமானம் விடுவதற்கென்றே வெட்டியதுபோல் காய்ந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கிளெமென்ட் அங்கே போனார். தோல் கடை ஜமால் முகமதுவும் கூடப் போனார். விமானத்தின் மூக்கிலிருக்கும் காற்றாடியை விரலால் சுண்டி என்ஜினைக் கிளப்புவது அவர் வேலை. சுண்டிச் சுண்டி நகம் போனபின், கடைத் தோலிலேயே விரலுக்கு ஓர் உறை தைத்துக்கொண்டவர்.

"வாத்தியாரே, இன்னைக்கும் பறக்கலைன்னா இதக் காத்தாட வச்சுக்கலாம். வீட்டுல ஃபேன் ரிப்பேரு."

"சுண்டுங்க பாய். எனக்குப் பேசக்கூடத் தெம்பில்ல."

என்ஜின் இருமியது. கிளெமென்ட் ஊசியைக் கொஞ்சம் மூடினார். கத்தியது. கொஞ்சம் திறந்தார். விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். வழக்கமாக அந்த நிலையில்தான் அது சாகும். சாகவில்லை. சுருதி பிசகாமல் பாடியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்படுகிற பழக்கம் விட்டுப்போயிருந்ததால் சும்மா இருந்தார்கள்.

விமானத்தின் சிறகிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வரும். அவற்றின் கைப்பிடியைப் பிடித்தபடி கிளெமென்ட் நடுவில் நின்று சுற்ற வேண்டும். விமானம் அவரைச் சுற்றும். ஜமால் விமானத்தை வாங்கிப் பிடித்து, அவர் நடுவுக்குப் போனதும் கையை விட்டார். சுற்றியது. எண்ணெய் தீர வேண்டிய நேரம் வந்தது, தீரவில்லை. ஊசி சரியான இடத்தில் நின்றுவிட்டால் என்ஜின் எண்ணெயை முகர்ந்து பார்ப்பதோடு சரி, குடிப்பதில்லை.

உச்சி வெயில் வந்தது. கிளெமென்ட் சுற்றிக்கொண்டிருந்தார். கைப்பிடியை விட்டால் ஆறு வருட உழைப்பு ஏதாவது பனைமரத்தில் போய்ச் சிதறும். ரூபி தூக்குச்சட்டியோடு வந்து, கம்பிக்கடியில் குனிந்து நுழைந்து, புருஷனோடு சேர்ந்து சுற்றியபடியே தயிர்சோற்றை உருட்டி ஊட்டினாள்.

"தொட்டுக்க வெஞ்சனம் இல்லையா?"

"சுத்துற ஆளுக்கு வெஞ்சனம் ஒண்ணுதான் கேடு. வாயத் தொறங்க."

சேவுகம்பட்டி மலைச்சாமி, கடலை போட்டு மூன்று வருடமாகப் பறிகொடுத்தவர், சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்பங்கய்யா எறங்கும்?"

"ஈரக்காத்து வரணும் அப்பு," என்றார் கிளெமென்ட், முதுகைக் காட்டியபடி. அடுத்த சுற்றில் முகம் வந்தபோது மிச்சத்தைச் சொன்னார். "மழைக்காத்து பட்டா எண்ணெ மிஞ்சிப்போயி தானா அமரும்."

மலைச்சாமி மேலே பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. "அப்ப சுத்துங்க," என்றார். "நாங்களும் அதுக்குத்தான் நிக்கிறோம்."

கிளெமென்டின் கால்கள் குளத்து மண்ணில் கணுக்கால்வரை குழி பறித்திருந்தன. எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டு முடித்து, இரண்டாம் தடவை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். ஜமால் தன் பங்குக்குத் துவா செய்தார். சாயங்காலம் சிறுமலைப் பக்கம் இருட்டியது. குளிர்ந்த காற்று ஒன்று வந்து விமானத்தைத் தடவியது. என்ஜின் இருமியது. அப்படியொரு இனிமையான இருமலைக் கிளெமென்ட் கேட்டதில்லை. விமானம் தரையில் அமர, முதல் துளி விழ, அவர் கால் பறித்த குழியிலேயே உட்கார்ந்தார். எழுப்ப முடியவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் மலைச்சாமி, பின்னால் பாதி சேவுகம்பட்டி. கையில் என்ஜினுக்கென்று ஒரு டின் விளக்கெண்ணெய்.

"மழ டவுனோட நின்னுபோச்சுய்யா. எங்க பக்கமும் வந்து செத்த நேரம் சுத்திட்டு வந்துருங்க."

"போயிட்டு வாங்க," என்றாள் ரூபி. "இம்புட்டு வருசமா அந்த எடத்தத்தான தேடுனீங்க?"

விமானம் கிளெமென்டின் மடியில் இருந்தது. ஊசி நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. அவர் மலைச்சாமியின் முகத்தைப் பார்த்தபடியே இரண்டு விரலால் அதைப் பிடித்து, ஒரு முழுச் சுற்றுத் திருப்பினார்.

"ஊசி நழுவிருச்சு அப்பு. மறுபடி தேடணும். ஒரு ஆறு வருசம் ஆகும்."

மலைச்சாமி டின்னைக் கீழே வைத்துவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"தேடுங்கய்யா. நாங்க எங்க போகப்போறோம்."