முதலில் ஓடி, பிறகு எடுக்கப்பட்ட படம்

ஹாலிவுட்டில் அந்தக் காலத்தில் படம் முதலில் தியேட்டரில் ஓடிவிடும். அதன் பிறகுதான் எடுப்பார்கள். இயக்குநர் ஓட்டிஸ் பிராம்வெல்லுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. கைதட்டல் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே வேலை பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கத்தானே செய்யும்? ஒரே நிபந்தனை, திரையில் வந்ததை இம்மி பிசகாமல் எடுத்துத் தர வேண்டும். பிசகினால் ரசிகர்கள் கைதட்டலைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பக்கத்துக் கம்பெனி இயக்குநர் ஒருவர் அப்படித்தான் நொடித்துப்போய், இப்போது ஆரஞ்சு விற்கிறார்.

அன்று காலை ஊரே தியேட்டர் வாசலில் நின்றது. ஓட்டிஸின் புதுப் படம். என்ன எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவரும் முண்டியடித்து உள்ளே போனார். கதாநாயகி லியோனா பிரைஸ் குதிரையில் பறந்து வந்தாள். பின்னால் கொள்ளையர்கள். எதிரே பாலம் இடிந்த பள்ளத்தாக்கு. குதிரை எகிறியது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தொப்பி பறக்க, பின்னால் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் ஓட்டிஸ் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அது அவரேதான். வாயைத் திறந்து என்னவோ கத்தினார். ஊமைப்படம் என்பதால் உடனே எழுத்து அட்டை வந்தது: "லியோனா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

படம் அதோடு முடிந்துவிட்டது. குதிரை அந்தரத்தில். பதில் அட்டை இல்லை. ஜனங்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார்கள்.

வெகுநாளாக அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி அது. ஊரறியக் கேட்டாகிவிட்டது, இனி கேட்டே ஆக வேண்டும். பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். பள்ளத்தாக்கு வரை மனிதர் ஓட்டமும் நடையுமாகவே போனார்.

லியோனா குதிரைமேல் தயாராக இருந்தாள். அவளும் படம் பார்த்திருந்தாள்.

"குதிரைன்னா உங்களுக்குப் பயமாச்சே?"

"இன்னிக்கு இல்லை," என்று அவர் எப்படியோ ஏறி உட்கார்ந்தார். "கஸ், சுத்துய்யா!"

கேமராக்காரர் கஸ் கைப்பிடியைச் சுற்றினார். குதிரை பாய்ந்தது. காற்று காதில் அறைந்தது. ஓட்டிஸ் தொண்டை கிழியக் கேள்வியைக் கத்தினார். கஸ் சுற்றுவதை நிறுத்தினார். படத்தில் அவ்வளவுதான் இருந்தது. அதனால் குதிரை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"அச்சு அசல் சார்!" என்று கரையிலிருந்து குரல் கொடுத்துவிட்டு கஸ் சாப்பிடப் போனார்.

லியோனா திரும்பி அவரைப் பார்த்தாள். "சொல்ல எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா படத்துல என் பதில் இல்லையே. வாயைத் திறந்தா உங்க கைதட்டல் அத்தனையும் போயிடும்."

"போனாப் போகுது. நீ சொல்லு."

"அப்புறம் ஆரஞ்சுதான் விக்கணும்."

"விக்கிறேன். சொல்லேன், லியோனா!"

"சரி," என்றாள்.

ஓட்டிஸ் போட்ட கூச்சலில் குதிரை காதை மடக்கிக்கொண்டது. ஊர்ப்பக்கம் கைதட்டல்கள் கூட்டமாகத் தியேட்டரைவிட்டு வெளியே வந்து, தட்டியவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மேலேயிருந்து அது நன்றாகவே தெரிந்தது. ஓட்டிஸ் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் வேறொருவரின் படம் ஓடியது. அதில் பள்ளத்தாக்கு எழும்பி வந்து ஒரு குதிரையின் குளம்பைத் தொட்டது. அதையும் இம்மி பிசகாமல் எடுத்தாக வேண்டுமே, பள்ளத்தாக்கைக் குதிரை வரை உயர்த்தத் தச்சர்கள் வெயிலுக்கு முன்பே வந்து, முதல் வேலையாக அடியில் ஓடிய ஆற்றைச் சுருட்டி நிழலில் வைத்தார்கள்.