சிம் போடுகிற கருவி

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை இல்லாத நாட்களில், மோட்டார் சைக்கிளில் திரியாய் ஊர்க் காட்டுக்குத் தேனெடுக்கப் போவேன். தேன் மரங்களுக்குப் போகும் தடம் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தேனை வாங்கி விற்கும் பற்றிக் அண்ணன், ஒருநாள் வழி காட்டும் ஜிபிஎஸ் கருவி வாங்கித் தருவதாகச் சொல்லி என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

"சிம் போடுறதை எடும், பாஹிம்," என்றார் என்னிடம்.

"காட்டுக்குள்ள சிக்னல் இல்லையே, அண்ணன்?"

"ரோட்டுக்கு வந்ததும் நீங்க போன தடத்தை அதுவே போனுக்கு அனுப்பும்," என்றார் கடைக்காரர்.

"ஆற்ற போனுக்கு? என்ர போனுக்கோ?"

கடைக்காரர் பற்றிக் அண்ணனைப் பார்த்தார்.

"நீர் எங்கயும் விழுந்து கிடந்தாத் தேட வேணுமெல்லே," என்றார் பற்றிக் அண்ணன்.

"போன வருசம் விழுந்து கால் முறிஞ்சு கிடந்தனான். அப்ப நீங்க எட்டியும் பாக்கேல்ல."

சிம் இல்லாத ஒன்றைக் காட்டி, "எனக்கு இது போதும்," என்றேன்.

"அது விலையும் குறைவு," என்றார் கடைக்காரர்.

பற்றிக் அண்ணன் காசெடுக்கத் திறந்திருந்த பேர்ஸை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.