தமயந்தி வீட்டு வயர்லெஸ்

1

தமயந்தியே என்னிடம் சொன்னது இது. நான் எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. 2007-இல் நடந்தது. ஐந்து தடவை தொடங்கிவிட்டேன். முதல் தொடக்கம்: 'திருத்தணி மலையில் முகூர்த்த நாளென்றால்'

வேண்டாம். அப்படியொரு முகூர்த்தச் சமையலில்தான் அவள் புருஷன் துளசிங்கத்தின் இரண்டு கைகளிலும் கொதிக்கிற எண்ணெய் கொட்டியது. அதை அழகாக எழுத எனக்குத் தெம்பில்லை.

2

சோறு ஊட்டுவதிலிருந்து சட்டை மாட்டிவிடுவதுவரை அவள்தான். வெளியே வேலைக்குப் போக வழியில்லை. டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் செய்யும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். ஆனால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள், வீட்டு இன்டர்நெட் இணைப்பிலேயே பரீட்சை எழுதி அனுப்ப வேண்டும். மாடிவீட்டு சிவப்பிரகாசம் சார் தன் வயர்லெஸ்ஸைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். அவள் தம்பி கொடுத்த பழைய லேப்டாப்பில் இருந்ததோ விண்டோஸ் இல்லை, லினக்ஸ். உள்ளே இருந்த வயர்லெஸ் கார்டை அது கண்டுகொள்ளவே இல்லை. கார்டை இயக்க டிரைவர் என்றொரு ஃபைல் வேண்டும். டிரைவர் இருப்பது இன்டர்நெட்டில். (இங்கே ஒரு தத்துவப் பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அவளுக்கு அது பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்குமான வெறும் நடை.)

பென் டிரைவோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போய்வந்தாள். முதல் தடவை தப்பான ஃபைல். அடுத்த தடவை பாதி ஃபைல். சனிக்கிழமை காலை மூன்றாம் தடவை போனபோது சரியான ஃபைலும், செய்முறை அச்சடித்த தாளும்.

துளசிங்கத்தைக் குறைசொல்லும் கணவனாகத்தான் முதலில் எழுதினேன். நம்பும்படி இல்லை. அவன் மடியில் தாளை வைத்தாள். அவன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான், அவள் தட்டினாள். ஏழு தடவை தட்டியும் அப்படியொரு ஃபைலே இல்லை என்று வந்தது.

"வுட்ரு தமயந்தி. காலைலேர்ந்து அடிச்சிகினே கீற."

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தவன் திரையைப் பார்த்தான். "இந்தத் தாள்ல எல்லாம் சின்ன எழுத்து. நீ கொண்ணாந்த ஃபைலு பேரு பெரிய எழுத்துல கீதே. ரெண்டும் ஒண்ணுதானா?"

லினக்ஸுக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றில்லை. பெயரை மாற்றினாள். லேப்டாப் ஓரத்தில் வயர்லெஸ்ஸின் நீல விளக்கு எரிந்தது. மணி மூன்றரை. நாலே முக்காலுக்குப் பரீட்சையை அனுப்பிவிட்டாள். வேலையும் கிடைத்தது. அதை மர்மமாக வைத்திருக்க எனக்கு மனமில்லை.

3

அனுப்பி முடித்ததும் அவன் கேட்டான்: "இனிமே வெளிய போவ மாட்ட இல்ல?"

தனியாக இருக்கும்போது மூக்கு அரித்தால்கூட அவனால் சொறிந்துகொள்ள முடியாது.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மூன்றாம் தடவை ஃபைல் பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது. அவள் வீடு திரும்ப ஒன்றரை மணி நேரமானது. அரக்கோணம் பஸ்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் கொட்டியதிலிருந்து இரண்டு மாதத்தில் அவள் சும்மா இருந்தது அவ்வளவுதான்.

என்ன பதில் சொன்னாள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. 'ஆங்' என்று எழுதி அடித்தேன். 'போவேன்' என்று எழுதினேன்; அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அதையும் அடித்தேன். எனக்குக் களைத்துவிட்டது. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்:

"                              " என்றாள் தமயந்தி.