மேலே தள்ளிய பக்கம்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற மனுசனாகத்தான் இருந்தார் குணசேகரன். போன் வந்து நாலே வருசத்தில் புத்தகமே மறந்துபோச்சு. "எந்நேரமும் அதையே நோண்டுறீங்க" என்று மனைவி திலகவதி, தன் போனிலிருந்து கண்ணெடுக்காமலே திட்டினாள். அந்த ரோசத்தில் புதுக்கோட்டை நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தார்.

கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து விரித்தார். முதல் பத்தியே சலிப்புத் தட்டியது. பழக்கதோசத்தில் கட்டைவிரல் தாளை மேலே தள்ளியது. வரிகள் நகர்ந்து மறைந்தன. அடியிலிருந்து வேறு வரிகள் ஏறி வந்தன. பதறிப்போய்க் கீழே இழுத்துப் பார்த்தார். போனது திரும்பவில்லை.

வீட்டில் சோறு போட்டபடியே, முந்திரித் தோப்பில் மாடு புகுந்த கதையைத் தொடங்கினாள் திலகவதி. கதை நீண்டது. அவருடைய கட்டைவிரல் தொடைமேல் லேசாக அசைந்தது.

"கொழம்புல உப்புச் சரியா இருக்காங்க?" என்றாள்.

"மாடு என்னாச்சு?"

"எந்த மாடு?"

அவள் விளையாடவில்லை. குணசேகரன் தன் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தார்.

"பஸ்ஸுல இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு, கேளு" என்று ஆரம்பித்தார். புத்தகம் வரைக்கும் வந்திருப்பார். மடியில் கிடந்த அவளுடைய கட்டைவிரல் மெல்ல மேலே நகர்ந்தது.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் குணசேகரன்.