பார்த்து நடந்துக்குங்க

எங்கள் மகளின் கல்யாணம் முடிந்த மறுவாரம் என் மனைவி என்னை உட்கார வைத்து ஒரு வார்த்தை சொன்னாள். "பொண்ணு குடுத்திருக்கோம். சம்பந்திகிட்ட பார்த்து நடந்துக்குங்க."

நானும் நடந்துகொண்டேன். பிரச்சினையே அதுதான். நான் ஓடுகிறவன்.

ஓடுகிறவன் என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுவதும் அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் வட்டச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி தெளிவா இருந்துதா?" என்று கேட்கிற பிழைப்பு. ஒரு நாள் காலையில் பேன்ட்டின் கொக்கி மாட்டிக்கொள்ள மறுத்துவிட்டது. அன்றைக்கு ஓட ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் விடைபெறும் சமயத்தில், பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கும். யார் வேண்டுமானாலும் ஓடலாம். சொன்ன நேரத்துக்குள் முடித்தால் கழுத்தில் ஒரு மெடல் போடுவார்கள். முடிக்க முடியாதவர்களுக்காகப் பின்னாலேயே ஒரு பஸ் ஊர்ந்து வரும். அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ, அவர் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மூன்று வருடமாக நான் அந்த பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தேன். முதல் வருடம் முழங்கால் மக்கர் செய்தது. இரண்டாம் வருடம் ஆரம்பத்திலேயே வீராவேசமாகக் கிளம்பி, பாதி வழியில் நாக்கு தள்ளிவிட்டது. மூன்றாம் வருடம் வயிறு. அதைப் பற்றி மேற்கொண்டு பேசுவதற்கில்லை.

என் மகள் அதற்கு 'அப்பா பஸ்' என்று பெயரே வைத்துவிட்டாள். கல்யாணமாகிப் போகும்போதுகூட, "இந்தத் தடவை அப்பா பஸ்ல வராதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. இந்த முறை மெடல் வாங்காவிட்டால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாது என்று முடிவு செய்தேன். என் கடையிலோ நாலு பக்கமும் கண்ணாடி.

கோடை பிறந்ததும் வெயில் ஏறுவதற்குள் பூங்காவைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். ஒரு வாரம்தான் ஓடியிருப்பேன். அதற்குள் பூங்கா வாசலில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். அட்டைப் பெட்டி வாசனை போகாத புத்தம் புது ஷூ. நெற்றியில் துண்டு மாதிரி ஒரு பட்டை.

"நீங்க ஓடறீங்கன்னு பையன் சொன்னான் சம்பந்தி. டாக்டர் என்னையும் கொஞ்சம் அசையச் சொல்லியிருக்கார். சேர்ந்தே ஓடுவோம்!"

சம்பந்திக்கு சோபா வியாபாரம். "உட்கார்ந்து பாருங்க, உட்கார்ந்து பாருங்க" என்று சொல்லியே வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவர். அவரை ஓட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் ஓடுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். முழங்கை இரண்டையும் மடக்கிக்கொண்டு, கைகளை முன்னும் பின்னும் படு வேகமாக வீசுவார். மூச்சைக்கூட புஸ் புஸ்ஸென்று ஓட்டக்காரர் மாதிரியே விடுவார். கால் மட்டும் நடக்கும். இடுப்புக்கு மேலே பந்தயம், கீழே கடைவீதி உலா.

நான் அவருக்கு அரையடி பின்னால் நடந்தேன். முதல் நாள் என்னையும் அறியாமல் கால் கொஞ்சம் எட்டிப் போட்டுவிட்டது. "சம்பந்தி, ஏதும் அவசர வேலையா?" என்று பின்னாலிருந்து கேட்டார். வெகுளியாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தியை நடுரோட்டுல விட்டுட்டு ஓடிட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. 'உங்க வீட்டுக்காரர் என்ன வேகம்! இவரால கூடப் போகவே முடியலையாம்'னாங்க."

"அது பாராட்டு."

"உங்களுக்கு எது பாராட்டுன்னே தெரியாது. பொண்ணு அங்க இருக்கா. பார்த்து நடந்துக்குங்க."

அன்றிலிருந்து நடை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போன பெண் எங்களை முந்தினாள். ஊன்றுகோலோடு வந்தவர் "கொஞ்சம் வழி விடுங்க" என்றார். சம்பந்தியோ வீட்டுக்குத் திரும்பும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு நல்ல ஓட்டம்!" என்பார்.

எனக்கு விமோசனம் அவருடைய மறதியில் வந்தது. ஒரு நாள் பூங்காவின் கோடி முனையில் நின்று, "அடடா, தண்ணி கொண்டு வர மறந்துட்டேனே" என்றார். வாசலில் ஒரு கடை உண்டு. "இதோ வந்துட்டேன்!" என்று பாய்ந்தேன். ஓடினேன், சம்பந்தி வந்து சேர்ந்த பிறகு முதல்முறையாக, நெஞ்சு நிறைய. யாராவது அதை மரியாதைக் குறைவு என்று சொல்லிவிட முடியுமா? சம்பந்திக்காக ஓடுகிறேன்!

பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "நீங்க ஓடி வர்றது பார்க்கவே நல்லா இருக்கு சம்பந்தி."

அதற்குப் பிறகு அவர் எதை மறப்பார் என்று காத்துக்கொண்டே நடந்தேன். அந்த மனுஷரும் என்னை ஏமாற்றவில்லை. தொப்பியை மறந்தார். போனை மறந்தார். கடைச் சாவி வீட்டிலா, காரிலா என்பதை மறந்தார். ஒவ்வொன்றுக்கும் நான் அவர் வீட்டுக்கும் பூங்காவுக்குமாகப் பறந்தேன். இது மறதியா, கொழுப்பா என்று சில நாள் பல்லைக் கடித்ததுண்டு. ஆனால் பேன்ட்டின் கொக்கி மாட்ட ஆரம்பித்துவிட்டதை மறைப்பானேன்.

மழைக்காலத்தில் அவர் குடையோடு ஓட வந்தார். ஒரு கையில் குடை, மறு கை மட்டும் வீச்சு. மழையில் அவர் எதையும் மறக்கவில்லை. குடைக்குள்ளேயே எல்லாவற்றையும் தொங்கவிட்டிருந்தார். எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் பொய் வயிற்றுவலி சொல்லிவிட்டு, மனைவியின் பூப்போட்ட ரெயின்கோட்டை மாட்டி, முகத்தை மூடிக்கொண்டு, அவர் கண்ணில் படாத சந்து வழியாக ஓடினேன். சந்து முனையில் அவர் குடையோடு நின்றிருந்தார்.

"பிடிங்க! பிடிங்க! சம்பந்தியம்மா கோட்டைத் திருடிட்டு ஓடறான்!"

இரண்டு பால்காரர்களும் ஒரு தபால்காரரும் என்னைத் துரத்தினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருடத்தில் நான் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. கடைசியில் பேக்கரி வாசலில் மடக்கி, முகத்தை மூடியிருந்த கோட்டுத் தொப்பியை விலக்கினார்கள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த சம்பந்தி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, நீங்களா சம்பந்தி! வயித்துவலி சரியாயிடுச்சா?" சரியாகிவிட்டது என்றேன்.

குளிர்காலம் எனக்குப் பொற்காலம். மஃப்ளர், கையுறை, தைலம், ஃபிளாஸ்க் என்று மறப்பதற்கு அவரிடம் எவ்வளவோ இருந்தன. பனியில் வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு ஃபிளாஸ்க்கோடு ஓடிக்கொண்டிருப்பேன். தெருவில் பார்த்தவர்கள் நான் டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு சம்பந்தி இடி ஒன்றை இறக்கினார். "நானும் பேர் குடுத்துட்டேன் சம்பந்தி. உங்களைத் தனியா விட மனசு வரல."

போட்டி நாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஊரே ஓடியது. நாங்கள் இருவரும் நடந்தோம். எனக்குக் கவலையில்லை. தண்ணீர் வேண்டும் என்பார், தொப்பி எங்கே என்பார். ஒரே ஒரு தடவை முன்னால் அனுப்பினால் போதும், போனவன் போனவன்தான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அப்போதுதான் அவர் இடுப்பைக் கவனித்தேன். பெரிய பை ஒன்று கட்டியிருந்தார்.

"தண்ணி ஏதும் வேணுமா சம்பந்தி?"

"இருக்கு. உங்க சம்பந்தியம்மா இன்னிக்கு எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டா."

"தைலம்?"

"இருக்கு."

"போன் வீட்டுல இருக்கோ என்னமோ..."

தட்டிக் காட்டினார். "இதோ இருக்கு. பிஸ்கெட்கூட இருக்கு. நீங்க சாப்பிடறீங்களா?"

எனக்குப் பிஸ்கெட் வேண்டாம். எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடம் முழுக்க ஒன்றுவிடாமல் மறந்த மனுஷர், மறக்க வேண்டிய ஒரே நாளில் மறக்கவில்லை!

ஏழாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் எனக்கு நன்றாகப் பழக்கமான உறுமல் கேட்டது. திரும்பினேன். ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையை ஆட்டினார்.

"வாங்க சார்! ஜன்னல் சீட் உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்!"

சம்பந்தி திரும்பி பஸ்ஸைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இதுல ஏறினா மெடல் கிடையாதா?"

"கிடையாது."

"உங்ககிட்ட இதுக்கு முன்னாடி வாங்கினது எத்தனை இருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல சம்பந்தி."

அவர் கை வீச்சு நின்றது. சற்று தூரம் வெறுமனே நடந்தார். பஸ் எங்களை முகர்ந்து பார்க்கிற தூரத்துக்கு வந்துவிட்டது.

"சம்பந்தி, எனக்கு ஒண்ணு வேணுமே."

"என்ன வேணும்? சொல்லுங்க!"

"அந்த மெடல்தான். போய் வாங்கிட்டு வாங்க. நிக்காதீங்க, ஓடுங்க!"

ஓடினேன். ஐயோ, என்ன ஓட்டம்! போன், சாவி, மஃப்ளர், ஃபிளாஸ்க் என்று வருடம் முழுக்க ஓடியதெல்லாம் சேர்ந்து கால்களில் இருந்தது. தள்ளாடிக்கொண்டிருந்தவர்களை முந்தினேன். போன வருடம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த மரங்கள், கடைகள், சிக்னல் எல்லாவற்றையும் சொந்தக் காலில் கடந்தேன். பெரியவரை விட்டுவிட்டு வந்தோமே என்று கொஞ்சம்கூட உறுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசிக் கோட்டைத் தாண்டியதும் ஒரு பெண் என் கழுத்தில் மெடலைப் போட்டாள்.

"இன்னொண்ணு கிடைக்குமாம்மா? எங்க சம்பந்திக்கு."

"அவரும் ஓடினாரா சார்?"

"அவர்தான் அனுப்பினார்."

அவளுக்குப் புரியவில்லை. தரவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா பஸ் வந்து நின்றது. என்னுடைய ஜன்னல் சீட்டிலிருந்து சம்பந்தி பிஸ்கெட்டோடு இறங்கினார். "வாங்கிட்டீங்களா?" என்றார். ஒரு வருடப் பழக்கம். கை தானாக மெடலைக் கழற்றி அவரிடம் நீட்டிவிட்டது. நீட்டிய பிறகுதான் அது என்னுடையது என்பது உறைத்தது.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து, சோபா மெத்தையை அமுக்கிப் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் அமுக்கினார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மறந்திருந்தார். அதை மறந்தது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று!

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"'ஓடி முடித்தவர்'னு போட்டிருக்கு."

"அப்ப இது எனக்கு ஆகாது. அதோ சம்பந்தியம்மா நிக்கறாங்க. கொண்டு போய் அவங்ககிட்டக் குடுங்க. ஓடுங்க!"

சாலைக்கு அந்தப் பக்கம், மூன்று வருடமாக எனக்காகத் துண்டோடு காத்து நிற்கிற அதே விளக்குக் கம்பத்துக்கு அடியில் என் மனைவி நின்றிருந்தாள். ஓடிப் போய் மெடலை அவள் கையில் வைத்தேன். வாயைத் திறந்தேன்; மூச்சுதான் வந்தது. அவள் மெடலைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். பஸ் அருகே நின்ற சம்பந்தியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, சம்பந்தி முடிச்சுட்டாரா! இந்த வயசுல, அந்த உடம்பை வெச்சுக்கிட்டு! நீங்களும் இருக்கீங்களே. அவர் வாங்கினதைத் தூக்கிட்டு வர்றதுக்குத்தான் லாயக்கு."

இத்தனைக்கும் பிறகு இதுவா என்று அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

அப்போது சாலையைக் கடந்து யாரோ திமுதிமுவென்று ஓடி வருகிற சத்தம் கேட்டது. சம்பந்தி. இந்த முறை கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது; கால் இரண்டும் ஓடின. இடுப்புப் பை குதிக்க, பிஸ்கெட் சிதற, நெற்றிப் பட்டை கண்ணில் சரிய ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சம்பந்தியம்மா! அது அவரோடது! நான்தான் பஸ்ல வந்தேன்! அவர் ஓடினார்மா, நான் என் கண்ணால பார்த்தேன்!"

என் மனைவி மெடலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை என் கழுத்தில் மாட்டி, துண்டால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கு வலித்தது. பரவாயில்லை என்று நின்றேன்.

சம்பந்தி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டார். நிஜமான மூச்சு. "சம்பந்தி... பையில இருந்த தண்ணி காலி... கொஞ்சம்..."

"இதோ" என்று கிளம்பினேன். மனைவி பின்னாலிருந்து, "பார்த்து..." என்று ஆரம்பித்தாள்.

நடந்தே போய் வாங்கி வந்தேன்.