நுரைக்காத சங்கு

“நீலா, இங்க வாயேன். இது என்ன நிறம், சொல்லு.”

“தங்கம், மேடம்.”

“பித்தளைன்னு சொல்லிருவியோன்னு பயந்தேன்.”

கட்டைவிரல் அளவுச் சங்கு. வெங்காயச் சருகு போல மெல்லிசு. அரபிக்கடலின் அடியாழத்திலிருந்து எப்போதோ ஒரு கப்பல் வாரிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காமல் இழுப்பறையில் கிடந்தது. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற மில்ட்ரெட், அருங்காட்சியகத்தின் பின்னறைக்கு வந்து நத்தைகளை இனம் பிரித்துக் கொடுப்பாள். வாழ்நாளெல்லாம் நத்தை பார்த்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“புதுசா மேடம்? அப்போ பேரு வெக்கணும்!” அந்த அறையைக் கவனிக்கும் நீலா புனேயிலேயே பிறந்தவள், தமிழைத் தேடித் தேடித்தான் பேசுவாள். “ஆனா மராட்டில பேரு வெக்கிறதுன்னா குறை சொல்றதுன்னு அர்த்தம்.”

“குறை சொல்ல இதுல என்ன இருக்கு? வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பாத்துட்டுத் தாரேன்.”

பெயர் தயாராகவே இருந்தது. கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவர் இன்பநாதன், உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லியே சீண்டுவார்.

“ஏட்டி, புனேயில உக்காந்துக்கிட்டு கடல்ல கெடக்கிறதுக்கெல்லாம் பேரு வெக்கே. ஒண்ணுக்காவது என் பேரை வெச்சா என்ன?”

“இருங்க. உங்களுக்குத் தங்க நிறத்துல ஒண்ணு வரட்டும்.”

“எனக்கு மண்ணு நிறமே போதும்ட்டி.”

போன வருஷம் அவர் போய்விட்டார். தங்க நிறம் இப்போதுதான் வந்திருக்கிறது.

புனேயின் வாகட் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிர் ஃபிளாட் பையன்கள் லிஃப்டில் “ஆண்ட்டி, நமஸ்தே” என்பதோடு சரி. புனேக்கு வெளியே தளேகாவில் இருக்கும் விஸ்வேஸ்வரனைப் போனில் கூப்பிட்டாள். அவள் நத்தை பார்த்த காலமெல்லாம் கடல் சாமந்தி என்ற, பூப்போல விரியும் பிராணிகளை வகை பிரித்தவர் அவர்.

“யாரு, நத்தையம்மாவா? சௌக்கியமா?”

“இருக்கேன் சார். நீங்க?”

“எனக்கென்ன, டி.வி.யோட சண்டை போட்டுண்டு இருக்கேன். அது ஒண்ணுதான் பதில் பேசறது. சொல்லுங்கோ.”

சொன்னாள். ஒரு சபாஷ் வரும் என்று காத்திருந்தாள்.

“வாய்ப்பக்கம் அழுத்தினா வளையறதா?” என்றார்.

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உள்ளே துறவி நண்டு இருந்ததா?”

“காஞ்ச கால் ஒண்ணு மாட்டியிருந்தது. காலிச் சங்கு கெடச்சா அது குடிபோறதுதானே?”

“ஆத்துல வினிகர் இருக்கா?”

“எதுக்கு?”

“நத்தை ஓடுன்னா சுண்ணாம்பு. ஒரு சொட்டு விட்டா நுரைக்கும். நுரைக்கலேன்னா அது உங்க ஆளில்ல, என் ஆளு. ஆழத்துல சாமந்திக்கு ஒட்டிக்கப் பாறை ஏது, எல்லாம் சேறு. நண்டோட சங்கு மேல ஏறிக்கும். நண்டு வளர வளர, சாமந்தி தன் அடிப்பக்கத்துலேர்ந்து தங்கமாட்டம் ஒரு தோலைச் சுரந்து வீட்டைப் பெருசாக்கிண்டே போகும். நண்டுக்கு வீடு மாத்தற தொந்தரவே இல்ல. இதைச் சங்குன்னு நம்பி நத்தையில சேத்தவாளெல்லாம் உண்டு. நீங்க ஒண்ணும் மொதல் ஆளில்ல.”

“குறை சொல்லணும்னே இருக்கியளா?”

“சொட்டு விட்டுட்டுச் சொல்லுங்கோ.”

வினிகர் இருந்தது. சமையலெல்லாம் இன்பநாதன்தான். கிர்க்கி பஜாருக்குப் பஸ் ஏறிப்போய் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக்கறிக்கு ஊற்றுவார். அவர் போனபின் அவளுக்கு டப்பாச் சாப்பாடு வருகிறது. மேல்தட்டில் பின்னால் நின்ற பாட்டிலை யாரும் தொடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூடியைத் திருகினாள்.

“என்ன சத்தம்?”

“திறக்க மாட்டேங்கு சார். அவுக அழுத்தித் திருகி வெச்சிருக்காக.”

சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்தாள். மூடி பிடிவாதமாக நின்று, சட்டென்று விட்டுக்கொடுத்தது. புளித்த வாடை அடுப்படி முழுக்கப் பரவியது.

வாய்ப்பக்கம் ஒரு சொட்டு. தங்கத்தின் மேல் அது சும்மா உட்கார்ந்திருந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் சும்மா.

“வினிகர் பழசு சார். வீரியம் போயிருக்கும்.”

“நுனியில விட்டுப் பாருங்கோ.”

நுனியில் விட்டாள். ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் கிளம்பின.

“நுரைக்கு! சார், நுரைக்கு!”

“நுரைக்கும். குட்டி நண்டு முதமுதல்ல குடியேறின நிஜ நத்தை ஓடு அது. கடுகளவு. மேற்கொண்டு கட்டினதெல்லாம் சாமந்தி. அந்தக் கடுகை வெச்சு என்ன நத்தைன்னு சொல்வேளா?”

பூதக்கண்ணாடியில் பார்த்தாள். தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. அவசரமாகத் துடைத்தாள்.

“முடியாது,” என்றாள். பிறகு, “அப்போ சாமந்திக்கே பேரு வெச்சா என்ன? உங்க வகைதானே. புதுசாக்கூட இருக்கலாம்.”

“எதைப் பாத்து வெக்கறது? குறுக்கே வெட்டி, உள்ளே தடுப்பு எத்தனை ஜோடி, தசை எங்கே இருக்கு, கொட்டற செல் எந்த மாதிரின்னு பாத்தாத்தான் என்ன குடும்பம்னே தெரியும். உங்க கையில உடம்பு இல்லையே. பிராணி செஞ்ச பொருளை மட்டும் வெச்சுப் பேரு வெக்கப்படாதுன்னு விதியே இருக்கே, மறந்துட்டேளா? கட்டினவன் போயாச்சு. வெறும் வீட்டுக்கு என்ன பேரு?”

அவள் துடைத்த நுனியையே மறுபடி துடைத்தாள்.

“மில்ட்ரெட்,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “நான் சாமந்தியைச் சொன்னேன்.”

“தெரியும் சார்.”

“யார் பேரு வெக்கறதா இருந்தேள்?”

“அதெல்லாம் யோசிக்கவே இல்ல.”

“சரி. சாப்டாச்சா?”

“டப்பா வந்திருச்சு.”

அவரும் உடனே வைக்கவில்லை. பிறகு அவர் பக்கம் டி.வி. சத்தம் கூடியது, கட்டாயிற்று.

சங்கைத் தண்ணீரில் அலசிப் பஞ்சில் வைத்தாள். நாளை நீலா கேட்பாள், எந்த இழுப்பறை என்று. நத்தையில் வைக்க முடியாது. சாமந்திகளெல்லாம் ஜாடிக்குள் திரவத்தில் இருக்கின்றன; காய்ந்த கூட்டை அங்கேயும் வைக்க முடியாது.

வினிகர் பாட்டிலின் மூடியை எடுத்துத் திருகினாள். நின்ற இடத்தில் மறுபடி அழுத்தினாள். தலைப்பைச் சுற்றிக்கொண்டு, அவர் திருகிய அளவுக்கு இறுகட்டுமென்று பல்லைக் கடித்துத் திருகினாள். பிறகு இரண்டே விரலால் திறந்து பார்த்தாள். சிரமமே இல்லாமல் திறந்துகொண்டது.